மூக்கன் முகர்ந்த வண்டி

எங்கள் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று இருந்தது. சரிசெய்து அனுப்பிய வண்டி அதே கோளாறுடன் திரும்பி வந்தால், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று எவரும் கேட்கமாட்டோம். வண்டியை உள்ளே தள்ளி ஸ்டாண்டு போடுவோம். கை ஓய்ந்திருப்பவர் ஸ்பானரை எடுப்பார். நான்கைந்து பேர் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டிய இடத்தில் இப்படி ஒன்று தேவைப்படுகிறது, ஐயா. உங்கள் காவல் நிலையத்திலும் ஏதாவது இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தன் சொந்த வண்டியை ஒருவன் தானே பழுது பார்ப்பதில்லை. பழகிய சத்தத்தில் கோளாறு காதில் விழாது என்பது அதற்குக் காரணம். என் மச்சினன் தன் வண்டியை என்னிடம் ஒப்படைத்தது இந்த வழக்கத்தால்தான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பட்டறையில் அவனுக்கு மூக்கன் என்று பெயர். மூக்கு சிறியதுதான், அது பார்த்த வேலை பெரியது. எண்ணெய்க் கிளட்ச் உள்ள கனமான மோட்டார் சைக்கிள்கள்தாம் எங்கள் பிழைப்பு. அவற்றில் கிளட்ச் கேபிள் கிடையாது. கைப்பிடியிலுள்ள லீவரை அழுத்தினால், அதன் மேலுள்ள சிறு டப்பாவின் பிரேக் ஆயில் குழாய் வழியே அழுத்தம் கொடுத்து, எஞ்சினருகே இருக்கும் சிலிண்டரைத் தள்ளிக் கிளட்சை விடுவிக்கும். வழியில் எங்கே கசிந்தாலும் லீவர் தளர்ந்துவிடும். கசிவைத் தேட நாங்கள் விளக்கைப் பிடிப்போம். மூக்கன் குனிந்து முகர்வான். "மேல சீல் போயிருக்கு. கீழ ஒழுகுறது வெறும் எஞ்சின் ஆயில், அதை விடு" என்பான். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

"அந்த மூக்கை இன்ஷூர் பண்ணி வைடா" என்பார் வெல்டர்.

"வைக்கலாம்ணே. உங்க சட்டைப் பக்கம் வந்தா கம்பெனிக்காரன் ஓடிருவானே."

சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. ஒழுகல் என்று வண்டி வந்தால் "மச்சான்கிட்ட விடுங்க" என்பார்கள். என் கை அடைத்த கசிவு மறுபடி ஒழுகியதில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மழை தொடங்கிய சமயம், ஒரு நாள் வழக்கத்தைவிட முன்னதாகவே பட்டறைக்கு வந்தேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. முந்தைய மாலை நான் முடித்துத் துடைத்து நிறுத்திய வண்டியின் முன் மூக்கன் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழாய் இணைப்பின் செம்பு வாஷரை மாற்றிக்கொண்டிருந்தான். நான் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறேன்; அது மறுபடி கசியும். என்னைப் பார்த்ததும் துணியை எடுத்துக்கொண்டான்.

"சும்மா தொடைச்சிட்டிருந்தேன் மச்சான். தூசி."

"காலங்காத்தாலயா?"

"தூக்கம் வரல. நீங்க டீ குடிச்சீங்களா?"

எவ்வளவு காலமாக என் வண்டிகளை இப்படித் துடைத்துவருகிறான் என்று நான் கேட்கவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கமாட்டேன். அவன் என் மானத்தைக் காப்பாற்றினான். நம் மானத்தை வேறொருவன் காப்பாற்றிவருகிறான் என்று தெரிந்த பிறகு, அது நம்முடையதாக இருப்பதில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடித்த வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியவன், மறுபடி மாட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பி லீவரை அழுத்திப் பார்ப்பேன். சமையலறைக் குழாய் சொட்டினால் எழுந்து போவேன், சொட்டாதபோதும் போவேன். "உங்களுக்கு உக்காரவே தெரியாதா?" என்றாள் மனைவி. லீவர்கள் உறுதியாகத்தான் இருந்தன. அந்த உறுதி என் கையினுடையதா, அவன் மூக்கினுடையதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த மூக்கும் தவறும் என்று ஒரே ஒரு முறை எல்லோரும் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதன்பின் நாங்கள் சமம்.

அப்போதுதான் அவனுடைய வண்டியின் கிளட்ச் கசியத் தொடங்கியது. சொட்டிய ஆயில் டேங்கின் பெயின்டைக் கொப்புளம் கொப்புளமாக உரித்திருந்தது. "நீங்களே பாருங்க மச்சான். உங்க கைன்னா எனக்கு நிம்மதி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

சீலை மாற்றினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. டப்பாவை நிரப்பும்போது மட்டும் பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயில் விழுந்துவிட்டது. புதிதாக இருக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மஞ்சள். இந்தத் தொழிலில் நேரக்கூடிய பிசகு. சீலின் ரப்பர் வளையம் எஞ்சின் ஆயிலைக் குடித்தால் உப்பும். உப்பிய சீல் முதலில் முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். கசிவு அடியோடு நின்றதுபோலத் தோன்றும். பிறகு மெல்லக் கூழாகும். அப்போது லீவரைப் பிடித்தபடி காத்து நின்றால், அது கைக்குள்ளேயே தளர்ந்துபோகும்.

மூக்கன் லீவரை அழுத்தினான். மூடியைத் திறந்து முகர்ந்தான். "கல்லு மாதிரி இருக்கு. மச்சான் கைன்னா சும்மாவா?" என்றான். அந்த வாரம் அவனுக்குக் கடும் ஜலதோஷம்; வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

"மூக்கனுக்கே மூக்கடைப்பு. கடையை இழுத்து மூடுங்கப்பா" என்றார் வெல்டர்.

வேலையை முன்பே முடித்திருக்கலாம். சீல் இன்னும் கிடைக்கவில்லை என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தேன். அது என் அலமாரியில் இருந்தது. இடைப்பட்ட நாட்களில் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "உடம்பு எப்படி மாப்ள? சளி கிளி உண்டா?" என்று விசாரித்துவந்தேன். தம்பிமேல் எனக்கு இவ்வளவு அக்கறையா என்று என் மனைவி பூரித்துப்போனாள்.

லீவர் தளர்ந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான், எல்லோரும் சிரிப்பார்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே என் எண்ணம். ஆனால் அவன் குடியிருக்கும் தெரு செங்குத்தாக இறங்கி லாரிகள் ஓடும் சாலையில் முடிகிறது. அங்கே எல்லோரும் கியரில் நின்று, லீவரைப் பிடித்தபடி, இடைவெளிக்காகக் காத்திருப்பார்கள். திருமணமான புதிதில் நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன். இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

லீவர் தளர்ந்து கிளட்ச் பிடித்துக்கொள்ள, வண்டி அவனை மீறி லாரிகளுக்கு நடுவே பாய்ந்தது அங்கேதான். உயிர் தப்பியது, இடது கால் நொறுங்கியது. தலையில் பட்ட அடியில் வாசனை அறியும் நரம்பு அறுந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார் மருத்துவர். "அப்ப இனிமே வெல்டர் அண்ணன்கூட உக்காந்து சாப்பிடலாம்" என்றான் மூக்கன். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். அன்று அவனுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன்.

நசுங்கிய வண்டியைப் பட்டறையின் மூலையில் கொண்டுவந்து சாய்த்தார்கள். அதில் கடைசியாகக் கை வைத்தவன் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெல்டர் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார். அது எவ்வளவு நல்ல விதி என்று அன்று உணர்ந்தேன். கைப்பிடியின் டப்பா மட்டும் உடையாமல் இருந்தது. அதைத் துடைத்துவிட வேண்டுமென்று தினமும் தார்ப்பாய்வரை போவேன், யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள், திரும்பிவிடுவேன்.

எங்கள் விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த விவகாரம் முழுவதிலும் அதை மீறியவன் அவன் ஒருவனே.

நேற்று, ஊன்றுகோலுடன், அக்காளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். தார்ப்பாயை விலக்கச் சொன்னான். டப்பாவின் மூடியைக் கழற்றி, விரலை முக்கி, மூக்கருகே கொண்டுபோனான். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அந்த விரலைக் கைகழுவும் குழாயின் கீழ் நீட்டினான். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். இது ஓடவில்லை. தண்ணீர் விரலின் மேல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது. அவன் மறுபடி மறுபடி கழுவிப் பார்த்தான்.

வெல்டர் பற்றவைப்பதை நிறுத்தினார். என் மனைவிக்கு ஆயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தம்பியின் முகம் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காரு மாப்ள. டீ சொல்லட்டுமா?" என்றேன்.

அவன் குழாயை மூடினான். பிசுபிசுத்த விரலை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தான்.

"மச்சான், இந்த வண்டில கடைசியா கை வச்சது யாரு?"