சவுக்குப் பிசின்

— இன்னியோட நாப்பத்தோரு நாள், அண்ணே. இன்னும் அடியில படியல!

— எது?

— என்ன எதுங்கிறீங்க... போத்தல்! நான் கம்பஸ் லேப்ல செஞ்சு வச்ச போத்தல்!

— அந்தக் கறுப்புத் தண்ணியா?

— தண்ணி இல்ல. செப்பையும் கந்தகத்தையும் சேத்து எடுத்த தூளு. கண்ணுக்கே தெரியாத தூளு. சும்மா விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில உக்காந்துரும். அதுக்குத்தான் பிசின்...

— ஏய், ஒட்டுறதுக்குத்தானே பிசின்?

— இது ஒவ்வொரு தூளையும் தனித்தனியா சுத்திக்கும். ஒண்ண ஒண்ணு தொட விடாது.

— கம்பளி போத்துனாப்புல.

— அதேதான்! காலையில எங்களுக்குப் படிப்பிக்கிற நாலு சேர்மாரு வந்து பாத்தாங்க. வெளிநாட்டுப் பிசின் போட்ட போத்தல் மூணாம் நாளே வண்டலாயிருச்சு. நம்மளது மட்டும் நிக்குது.

— அப்ப... உன்னைய வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க?

— படிஞ்சிருந்தா இன்னிக்கே அனுப்பியிருப்பாங்க. இப்ப இன்னும் ரெண்டு வருசம் ஆராய்ச்சி செய்யச் சொல்லிட்டாங்க!

— அடி சக்க! லிந்துலை டவுன் வரைக்கும் கேக்கக் கத்தட்டுமா, நிலக்ஷி?

— மெதுவா... போன்ல காது போகுது. ஒரு சேர் கேட்டாரு, இது எந்த நாட்டுப் பிசின்னு.

— நீ என்னா சொன்ன?

— நம்ம றொசல்ல தோட்டம்னேன்.

— போடி!

— நெசமா. தேயிலைக்கு நடுவுல நெழலுக்கு நிக்கிற சவுக்கு மரம், இங்கிலீசுல சில்வர் ஓக்னு சொன்னேன். ரெண்டு தடவ கேட்டு எழுதிக்கிட்டாரு.

— பூசாரிக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும்.

— அவருக்கென்ன?

— பிசின் எடுக்கையில யாரு கேட்டாலும் கோயிலுக்குச் சாம்பிராணின்னுதானே சொன்னேன். மனுசன் நம்பி ஒரு கட்டிய நெருப்புல போட்டுட்டாரு. சாமியே இருமியிருக்கும்.

— ஐயோ... சிரிக்க வைக்காதீங்க, பக்கத்துல ஆளு இருக்காங்க. ஆமா, இந்த நேரத்துல நீங்க மலையில மருந்தடிக்கணுமே? வீட்டுலயா இருக்கீங்க?

— மழ.

— காலையில மதினி வெயிலுன்னாங்க?

— அப்ப வெயிலு. இப்ப மழ. இந்த ஊரு உனக்குத் தெரியாதா?

— சரி... பிசின் தானா ஒழுகுனத மட்டும்தானே எடுத்தீங்க? மரத்துல கத்தி வைக்கலையே?

— நீ கேட்டது ஒரு டின் நெறைய. ஒழுகுனது ஒரு கைப்பிடிகூட வராது...

— அண்ணே! தோட்டத்து மரமாச்சே, மேற்பார்வை பாக்குற கண்டாக்கு ஐயா பாத்திருந்தா?

— அத விடு. வேற என்னா சொன்னாங்க, அதச் சொல்லு.

— பேச்ச மாத்தாதீங்க.

— சொல்லுடி.

— ...நானும் ஒண்ணு மறைச்சிட்டேன். இதப்பத்தி ஒரு கட்டுரை அச்சுல வருது. செஞ்சவங்க பேரு போடணும். மொதல்ல என் பேரு. ரெண்டாவது, அழகன்.

— எந்த அழகன்?

— எந்த அழகனா? நீங்கதான்! பிசினக் கண்டுபிடிச்சுக் குடுத்தவருன்னு. சேர் கையெழுத்தும் வச்சிட்டாரு.

— என் பேரா?

— ஆமாண்ணே. சந்தோசமா இல்லையா?

— சந்தோசந்தான். மரத்துல கத்தி வச்சதுக்கு, தோட்டத்து வேலையாளு பட்டியல்ல என் பேர வெட்டி ஒரு மாசமாச்சு, நிலக்ஷி. அந்தத் தாள்ல... யாரும் வெட்ட முடியாதுல்ல?