நீல லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது

நின்றே வேலை பார்க்கிறவனுக்கு முதலில் போவது முட்டிதான் ஐயா. மூளை அப்புறம்தான் போகும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில், தரைக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் எனக்கு வேலை. கரண்டு வண்டிகளுக்குச் சார்ஜ் போட்டுவிட வேண்டும். வண்டி ஏகப்பட்டது, வருகிற கரண்டு கொஞ்சம். எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் முழுசாக விட்டால் கட்டடமே இருண்டுவிடும். அதனால் யாருக்குக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்பதை ஒரு சுவர்ப்பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு குறைத்தாலும் நீல லைட் எரியும். அதைப் பார்த்ததும் வண்டிக்காரர் முகம் சார்ஜ் ஏறின மாதிரி ஆகிவிடும், மேலே போய்விடுவார்.

ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து என் நாற்காலியைத் தூக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உக்காந்தா தூங்கிடறீங்கன்னு கம்ப்ளெயிண்ட்."

"நின்னுக்கிட்டும் தூங்குவேன் சார்."

சிரித்தார். நல்ல மனுஷன். நாற்காலி அவர் வீட்டு பால்கனிக்குப் போய்ப் பூந்தொட்டியைச் சுமந்தது.

அன்றிலிருந்து அவர் வண்டிக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். கோபமெல்லாம் இல்லை. என் முட்டி படுகிற பாட்டில் கொஞ்சம் அவர் வண்டியும் படட்டுமே என்றுதான். சார்ஜ் நிற்கமாட்டேன் என்கிறது என்று அவர் புலம்பினபோது, வண்டி மீட்டர்தான் கோளாறு, குறைத்துக் காட்டும், வண்டி ஓடும் என்றேன். நம்பினார்.

ஒரு மத்தியானம் அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்களாம். லிஃப்டில் இறக்கிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். பெரியவருக்கு வேர்த்து ஊற்றியது.

"செத்த உக்கார ஒரு நாற்காலி கெடையாதாய்யா இங்க?" என்றார்.

செயலாளர் தரையைப் பார்த்தார். அப்புறம் மீட்டரைப் பார்த்தார். "சார்ஜ் கம்மியா காட்டுதேண்ணே. தாங்குமா?"

சுற்றிலும் முழுசாக ஏறின வண்டிகள் நின்றன. இடம் மாற்றி நிறுத்துவதற்காக எல்லா வீட்டுக்காரரும் சாவியை என்னிடம்தான் விட்டுப்போவார்கள். இடுப்பில் கொத்தாகத் தொங்கியது. ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். தன் வண்டிக்கு என்ன கோளாறு என்று அவர் கேட்பார், நான் குறைத்தது தெரிந்துவிடும். என் வேலை போகும். சாவிக்கொத்து கிலுங்காமல் கையால் பொத்திக்கொண்டேன்.

"அந்த மீட்டர் பொய் சொல்லும் சார். லைட் எரியுது பாருங்க. தாராளமா போலாம்."

பெரியவரைப் பதமாக உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து அந்தச் சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? குறைத்தது நான்தான். தெரிந்தே அனுப்பினதும் நான்தான்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு, நீங்கள் வருவதற்கு முன்னால், செயலாளர் கீழே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கம்பக்கத்துல ஒருத்தன் எட்டிப் பார்க்கலண்ணே. நீங்கதான் ஓடி வந்தீங்க. இந்தக் கட்டடத்துல மனுஷன்னா நீங்க ஒருத்தர்தான்."

மறுத்துப் பேசி அவரை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை ஐயா. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதும் சரியாகத்தான் படுகிறது.