நாலாவது வாழையிலை

இல்லைத் தம்பி, பெட்டியைக் கீழ வைக்காதேங்கோ, நிலம் ஈரம். இந்தச் சீமெந்துக் கட்டில வையுங்கோ. உங்களை ஏத்துற வான் வர எப்பிடியும் கொஞ்ச நேரம் செல்லும், வாசல்ல நிக்கிற செக்கியூரிட்டி சொன்னவர். நான் உங்களுக்கு ஒண்டும் விக்க வரேல்லை. மாஸ்க் போட்டிருக்கிறன், தள்ளித்தான் நிக்கிறன்.

என்னைத் தெரியேல்லையோ. பொறுங்கோ, குடையை விரிக்கிறன். இப்ப? ஓம், அந்தக் குடைதான். கடற்கரையில நிண்டு கையாட்டின கிழவனும் கிழவியும் நாங்கள்தான். மூண்டாம் மாடி, பச்சைத் துவாய் காயப்போட்ட பல்கனி, அது நீங்கள்தானே. துவாயை வைச்சுத்தான் எனக்கு அடையாளம். ரெண்டு கிழமையா அதே துவாய், ஒருநாளும் தோய்ச்ச மாதிரித் தெரியேல்லை. குறையாச் சொல்லேல்லை. அடைச்சு வைச்ச இடத்தில ஆர் தோய்க்கிறது.

பேர் என்ன? மெல்ரோய். கொட்டாஞ்சேனையோ. கட்டாரிலயிருந்தோ வந்தனீங்கள்? அம்மா இருக்கிறாவோ? நல்லது, இருக்கட்டும்.

நாங்கள் வெள்ளவத்தை. கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில, நாலாம் மாடியில பிளாட். லிப்ட் இருக்கு, பாக்கலாம், ஏற ஏலாது. என்ர மனிசன் வீட்டில நிக்கிறார், பேர் தியாகராசா. கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவர். கதை குறைவு. கலியாணம் கட்டின நாளில இருந்து ரெண்டு பேற்றை பங்கையும் நான்தான் கதைக்கிறன், அதுதான் இப்பிடி நீளுது.

ஓம், மகனுக்கெண்டுதான் கையாட்டினது. பிரியந்தன். லண்டன். எங்களுக்கு அவன் ஒருத்தன்தான். எந்த அறையோ? சொல்லுறன் தம்பி, அதைச் சொல்லத்தான் வந்தனான். ஆனா முன்னுக்கு இருந்து தொடங்கினாத்தான் எனக்கு வரும்.

போன வருசமே ரிக்கெற் போட்டவன். எயாப்போட் பூட்டு எண்டாங்கள். திரும்பப் போட்டான், திரும்பப் பூட்டு. கடைசியாப் போடேக்க திறந்திட்டாங்கள், ஆனா வந்தோடனை வீட்டை வர ஏலாது, ரெண்டு கிழமை ஹோட்டல்ல கிடக்கோணும் எண்டு சட்டம். கல்கிசையில கடலைப் பாத்த மாதிரி அறை எடுத்திருக்கிறன் எண்டான். இவருக்குக் கோபம் வந்திட்டுது. வீட்டில இருந்து கோச்சியில ரெண்டாவது ஸ்டேசன், பெத்த வீட்டை விட்டிட்டு அங்க போய்ப் படுக்கிறானோ எண்டு. பிறகு ரெண்டு நாள் யோசிச்சிட்டுத் தானே சொன்னார், பறவாயில்லை, கீழ மணலில நிண்டு பாக்கலாம்தானே எண்டு. சப்பாத்தை எடுத்துப் பொலிஷ் போடத் தொடங்கினார். கடற்கரைக்குச் சப்பாத்து.

அந்த நாளும் வந்துது. எனக்கு வேற வழி தெரியேல்லை, கூட்டிக்கொண்டு வந்தன். மணலில நிண்டு அண்ணாந்து பாத்தா எல்லாப் பல்கனியும் வெறுமை. ஒண்டில மட்டும் சாரத்தோட ஒரு ஆள் பல்லு மினுக்கிக்கொண்டு நிக்குது. அந்தா நிக்கிறான் எண்டன். இவர் கையை ஆட்டினார். நீங்களும் பிறசை வாயில வைச்சுக்கொண்டே திருப்பி ஆட்டினியள். ஏன் ஆட்டினனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. இப்பிடி அடைச்சு வைச்சா மனிசர் காகத்துக்கும் கையாட்டும்.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்தனாங்கள். ஒருநாள் பொலிஸ்காரன் வந்து, மொகத அம்மே, என்னம்மா எண்டு சிங்களத்தில கேட்டான். மகே புதா, என்ர மகன் எண்டு உங்களைக் காட்டினன். அவன் தொப்பியைக் கழட்டி வைச்சிட்டுத் தானும் கையாட்டினான், நீங்கள் கண்டிருப்பியள். அதுக்குப் பிறகு எங்களுக்கு நிழல் இருக்கிற இடமாப் பாத்து அவனே கூட்டிக்கொண்டு போய் விடுவான். அரசாங்க உத்தியோகத்தனுக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஓம். உங்கட கண்ணைப் பாத்தா விளங்கிட்டுது போல.

பிரியந்தன் வரேல்லைத் தம்பி. இந்த ஹோட்டல்ல எந்த அறையிலயும் அவன் இல்லை. வெளிக்கிட மூண்டு கிழமை இருக்கேக்க வருத்தம் வந்து, அங்க ஆசுப்பத்திரியிலயே முடிஞ்சுது. மருமகள் ரூபிகாதான் எடுத்துச் சொன்னவ. என்ர போனுக்குத்தான் எடுத்தவ, இவர் போன் பாவிக்கிறேல்லை. கேட்டிட்டு இவரிட்டைச் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். வந்து பாத்தா, மனிசன் கதிரையில இருந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு இருக்குது. தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டன்.

செத்தவீட்டைப் போனில காட்டினவை. குசினிக் கதவைச் சாத்தி, கிறைண்டரைப் போட்டிட்டுத்தான் பாத்தனான், என்ர சத்தம் வெளியில கேக்கக் கூடாதெண்டு. அண்டைக்குத் தேங்காய்ப்பூ மாவாப் போச்சுது.

கொரோனாப் பயத்தில ஒருத்தரும் வீட்டை வாறேல்லை. வந்திருந்தா ஆராவது இவரைக் கட்டிப்பிடிச்சு அழுது காட்டிக் குடுத்திருப்பினம். இந்த நோய் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ரூபிகாவிட்டையும், நான் சொல்லுமட்டும் மரண அறிவித்தல் ஒண்டும் போடாதை பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். அழாமல் இருந்தனான் எண்டு நினைக்காதேங்கோ. கோச்சியில கடல் பக்கம் திரும்பி இருந்து அழுதுகொண்டுதான் வாறனான். மாஸ்க் இருந்தது, கடல் காத்து எண்டு சொல்லலாம்.

ஆனா துடக்குக் காக்கோணும்தானே. எங்கட ஆக்கள் செத்தவீடு எண்டா முப்பத்தோராம் நாள் காரியம் முடியுமட்டும் மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் சமைக்கமாட்டினம், சாமி விளக்குக் கொளுத்தமாட்டினம். மச்சம் லேசு. மீன் சந்தையில கொரோனாவாம் எண்டு சொல்லி மீன் வாங்கிறதை விட்டன். மீன் இல்லாட்டிச் சோத்துக் கோப்பையைத் தள்ளிவிடுற மனிசன், பருப்பையும் கத்தரிக்காயையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். விளக்குத்தான் சிக்கல். அது இவற்றை வேலை, காலமை குளிச்சிட்டுக் கொளுத்துவார். என்ன சொல்லி மறிக்கிறது எண்டு நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருக்க, இவர் தானாவே கொளுத்தேல்லை. அடுத்த நாளும் கொளுத்தேல்லை. போத்தல் நிறைய எண்ணெய் கிடக்கு. முழங்கால் நோவாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடி நினைக்கத்தான் எனக்கு விருப்பமா இருந்தது.

முதல் நாள் இங்க வந்திட்டுத் திரும்பேக்கையும் கோச்சியில ஒண்டு சொன்னார். நல்ல பெடியன், திருப்பிக் கையாட்டினான் எண்டு. மெலிஞ்சிட்டான் எண்டோ, தலைமயிர் கொட்டிட்டுது எண்டோ சொல்லேல்லை. பெத்த தேப்பன் வேற என்ன சொல்லும். நான் அதையும் அந்தளவில விட்டிட்டன்.

இண்டைக்கு முப்பத்தொண்டு. நாள் நல்லா இருந்திருந்தா மண்டபம் எடுத்து, பஸ் பிடிச்சுச் சனம் வந்து சாப்பிட்டிருக்கும். இப்ப ஆரைக் கூப்பிடுறது, என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது. ஆனா வெளியாள் ஒருத்தராவது வந்து கை நனைக்காமல் முப்பத்தொண்டைக் கழிக்க எனக்கு மனம் வரேல்லை. அதுதான் உங்களை மறிச்சனான்.

சேச்சே, பிரியந்தனா வந்து நடிக்கச் சொல்லேல்லை. அந்தப் பயம் வேண்டாம். நீங்கள் மெல்ரோயாவே வாங்கோ. வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ, அவ்வளவுதான். வேதக்காரர் எண்டா என்ன, சோறு சோறுதானே. எங்களுக்கு நோயைக் குடுத்திடுவனோ எண்டும் யோசிக்காதேங்கோ. உங்களை மாதிரி மூக்குக்குள்ள விட்டு விட்டுப் பாத்த சுத்தமான ஆள் இப்ப கொழும்பிலயே இல்லை. கொட்டாஞ்சேனைக்குப் போறதெண்டாலும் எங்களைத் தாண்டித்தான் போகோணும். அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, கொஞ்சம் பிந்தும் எண்டு. வேணுமெண்டா நான் கதைக்கிறன்.

இவருக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு என்னட்டைக் கேட்டா நான் என்ன சொல்லுறது. காலமை எழும்பேக்க, இண்டைக்கு எப்பிடியும் சொல்லிப்போடோணும் எண்டுதான் எழும்பினனான். மரக்கறி எல்லாம் சமைச்சு மூடி வைச்சன். ஹோட்டலுக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன், நீங்கள் வீட்டில இருங்கோ எண்டன். ஆரை எண்டு அவர் கேக்கேல்லை. குளிச்சு, வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில இருந்தவர். சப்பாத்தை எடுக்கேல்லை. நான் செருப்பைக் கொழுவேக்கதான் கூப்பிட்டார். போற வழியில சந்தையில வாழையிலை நாலு வாங்கு எண்டார். எங்களுக்கு ரெண்டு, அந்தப் பெடியனுக்கு ஒண்டு, மற்றது படைக்க.

ஓம். படைக்க எண்டுதான் சொன்னார்.

வான் வருகுது போல. நீங்கள் பெட்டியைப் பின்னால வைச்சிட்டு ஏறுங்கோ தம்பி. இந்தப் பையை வேண்டாம், இதை நான் மடியில வைச்சிருக்கிறன். இலை கிழிஞ்சிடும்.