மூன்று வரி இடம்

தலைமை ஏற்றிருக்கும் தேவராஜா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டு அமர்ந்திருக்கும் மகேந்திரராஜா அண்ணா அவர்களே, இந்த மழையில் கிளேட்டன் வரை வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. நான் அக்கா என்றே அழைத்த கலாநிதி நாகலட்சுமி மகேந்திரராஜாவோடு பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற உரிமையில் நிற்கிறேன்.

அவர் எதை ஆராய்ந்தார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையை எப்படி எழுதினார்கள் என்பதை. அவற்றில் பல, இறந்தவருக்கான தேவாலயப் பிரசங்கங்களாகப் பிறந்தவை. அவற்றில் இறந்தவர் எல்லோரும் உத்தமர்! பிறகு சிலர் வேறு மாதிரி எழுதினார்கள். பெரிய மனிதரின் கோபத்தையும் இருமலையும் எழுதினார்கள். தெரியாத ஆண்டுக்கும் பெயருக்கும் தாளில் வெற்றிடம் விட்டார்கள். அந்த வெற்றிடங்கள்தான் அக்காவுக்கு மிகவும் பிடித்தவை.

அந்தப் பழக்கத்தை நம்மிடமும் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தவர் இறந்தவரின் வரலாற்றை முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுத் தரும் 'கல்வெட்டு' என்ற சிறு புத்தகத்தை, மெல்பேர்னில் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவரல்லவா? துக்க வீட்டுக்குப் போய், "அவருக்கு எதுக்கு ஆத்திரம் வரும்?" என்று கேட்பார். முகம் சுளித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பிறகு பதில் சொன்னவர்களும் நீங்கள்தான்.

1974இல் ஜெயரட்ணம் ஐயா காலமானார். மலாயாவில் ஒரு தோட்ட அலுவலக வேலையை அவர் திடீரென்று ஏன் விட்டார் என்பது அவர் மனைவிக்கே தெரியவில்லை. அக்கா அங்கே இரண்டு வரி இடம் விட்டிருந்தார். நகலெடுக்கும் ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்த நான், பார்க்க நன்றாக இல்லையே என்று "குடும்ப நலன் கருதி" என்று சேர்த்துவிட்டேன்.

"இது உமக்கு ஆர் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல அக்கா. ஆனா வீட்ல உள்ளவங்களுக்கு ஆறுதலா இருக்கும்ல?"

"ஆறுதல்தான். ஆனா நீர் அதை நிரப்பிப்போட்டா, தெரிஞ்சவன் வாய் திறக்க மாட்டான். இடத்தை விடும், சந்திரகலா."

அந்தப் பக்கத்தை முழுக்க மறுபடி தட்டச்சு செய்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

முப்பத்தோராம் நாளில் என்ன நடந்தது? அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கும் மோகனதாஸ் அங்கிள் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உடன் வேலை செய்த தன்னை அநியாயமாக நீக்கிய அன்று, ஜெயரட்ணமும் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு தன்னோடு வெளியே நடந்தார் என்று எழுதி, ஜெயரட்ணம் ஐயாவின் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா அதை எத்தனை முறை படித்தார்! என் பொய் அங்கே இருந்திருந்தால் அந்தப் பேனா வெளியே வந்திருக்குமா?

இப்போது அக்காவின் கல்வெட்டை என்னை எழுதச் சொல்லியிருக்கிறார் அவர் கணவர் மகேந்திரராஜா அண்ணா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பிறந்த ஊர், படித்த பள்ளி எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். இப்ப நேரமில்லை. திங்கள் வருவன்தானே. போட்டு வாறன்."

போய்வருகிறேன் என்று போனவர், சனிக்கிழமை மூளையில் இரத்தம் கசிந்து இறந்துவிட்டார். நாற்பத்தோரு வயது.

என்ன விசயம்? அண்ணாவுக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் அறையைத் திறந்தேன். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி வைத்தேன். ஊருக்குத் திரும்புவதாகச் சொல்ல இருந்தாரோ? புதிய புத்தகமோ? என்னைக் கடிந்துகொள்ளவோ? எதை எழுதினாலும் அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒன்றை எழுதிப் பார்த்து அடித்துவிடுகிறேன்.

அன்பர்களே, அவர் தொடங்கிய கல்வெட்டுகளை இனி நான் எழுதுவேன். அவர் கேட்ட கேள்விகளையே கேட்பேன், முகம் சுளித்தாலும் கேட்பேன். அவருடைய கல்வெட்டில் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன். தெரிந்தவர் யாராவது இருந்தால் பேனாவோடு வாருங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் யாரும் நிரப்பிவிடாதீர்கள்.