நான் இளைத்த விதம்

உலகத்துத் தைராய்டுச் சுரப்பிகள் அனைத்தின் சார்பிலும் ஓர் அறிவிப்பு: பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில், ஆள் சேர்த்து விற்கும் கம்பெனியின் வைர நிலை விற்பனையாளன் கிறிசாந்தோ பேசப்போகிறேன். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மெதுவாகவே சொல்கிறேன், எனக்கும் அசதியாக இருக்கிறது.

நாங்கள் விற்பது அயோடின் சேர்ந்த அமினோ அமில மாத்திரை. சுரப்பிக்கு ஊட்டம், உடம்புக்குச் சுறுசுறுப்பு, இடுப்புக்கு அடக்கம். எங்கள் கூட்டத்திலும் ஜெபக் கூட்டம் போல எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். விற்பவன் தன் உடம்பையே காட்டவேண்டும். நான் காட்டிய அன்று மீன்காரி நெனித் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"அண்ணே, அதான் உங்க தொப்பையே சாட்சி சொல்லுதே. மைக் எதுக்கு?"

கூடமே சிரித்தது. வைர நிலைக்கு அது அழகல்ல.

என் மனைவி மரிவிக்கின் சுரப்பியை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க ஹார்மோன் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் அதை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். அதற்குப் பதில் எங்கள் மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினேன்.

"என்ன டாடி, மாத்திர பெருசா இருக்கு?" எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் டாடி, மம்மி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"டாக்டர் மாத்திட்டாரு, மம்மி. இது புதுசு."

சுரப்பியே இல்லாதவளுக்குச் சுரப்பி ஊட்டம். அடுப்பில்லாத வீட்டில் விறகு அடுக்குவது போல. தெரியாமல் செய்யவில்லை, பயிற்சி வகுப்பில் அதைப் பாடம் எடுப்பவனே நான்தான்.

மெல்ல மெல்ல அவள் சாந்தமானாள். முகம் உப்பியது, குரல் தடித்தது. ஏப்ரல் வெயிலில் போர்வை கேட்டாள்.

"குளிருது டாடி. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"கூட்டம் முடியட்டும், மம்மி."

அதே நாட்களில் நான் இளைத்தேன். மேடையில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. அருள் வந்துவிட்டதென்று கைதட்டினார்கள். நெனித்தே ஒரு டப்பா வாங்கினாள்.

"பேன்ட்ட பிடிச்சுக்குங்க அண்ணே, கழண்டுறப்போவுது."

மரிவிக் கண் திறக்காத காலையிலும் எனக்குக் கூட்டம் இருந்தது. ஆள் வந்து சொன்னான். சாட்சியைப் பாதியில் விடுவது மரியாதையில்லை, முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையோடு நெனித் அழுதாள். "கடைசி வரைக்கும் உங்க கையாலயே மருந்து குடுத்தீங்களே அண்ணே."

எங்கள் மாத்திரையை மனதார நம்பித்தான் கொடுத்தேன் என்று எழுதுங்கள். வேண்டாம், அதை அடித்துவிடுங்கள். அதை நான் ஒரு நாளும் விழுங்கியதில்லை. விழுங்கியது அவளுடைய ஹார்மோன் மாத்திரையை.

மருந்துக்கடையில் ஒரு சீட்டுக்கு ஓர் ஆளுக்கான அளவுதான் தருவார்கள்.