ஆசியாம்மா பார்க்காத முடிச்சு

கப்பலுக்குப் பாய்தான் கால் என்றிருந்த காலமாம் அது. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு துறை. அந்தத் துறையில் துணிப்பொதி கட்டுகிறவர் நெய்னா. அவர் சம்சாரம் ஆசியாம்மா. நாலு பேர் ஏறி மிதித்தாலும் அடங்காத துணியை நெய்னா ஒற்றை ஆளாய் முழங்காலால் அழுத்தி அடக்கிவிடுவாராம்.

ஒரு வருஷம் துணி ஏற்றிய கப்பலோடு நெய்னாவும் மணிலாவுக்குப் போனார். அது ஸ்பெயின் ராஜா ஆண்ட ஊர். அங்கே வியாபாரிகள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தார்களாம். அங்கிருந்து மெக்சிகோவுக்கு வருஷத்துக்கு ஒரே கப்பல். அதில் ஏற்றச் சங்கம் சீட்டுக் கொடுக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு பொதி. பொதியின் அளவும் சங்கம் சொன்ன அளவு. அந்த அளவுக்குள் நெய்னா ஒன்றரைப் பங்கு துணி அடக்கிக் காட்டினார். காட்டியதுதான் தப்பு. சங்கத்தார் அவரை விடவில்லை.

கப்பல் மட்டும் திரும்பியது. கப்பல் தலைவரான நகுதா, ஆசியாம்மா வாசலில் வந்து நின்றார்.

"கிடங்குக்குள்ளேயே வெச்சிருக்காங்க தங்கச்சி. நம்மாளு யாரையும் கிட்ட விடல. ஜன்னல் வழியாக் கத்திச் சொன்னாரு. இங்கே வர்ற சர்க்கரைப் பொதியை அவருதான் கட்டுறாராம். முடிச்சுக்குள்ள ஒரு சுத்து இருந்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு சுத்து இருந்தா விட்டுட்டாங்க, அடுத்த கப்பல்ல வர்றேன்னு அர்த்தம்."

அடுத்த வருஷம் கப்பல் வந்தது. ஆசியாம்மா சர்க்கரைப் பொதியின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்துப் பார்த்தார். ஒரு சுற்று. அதற்கடுத்த வருஷமும் ஒரு சுற்று. மூன்றாம் வருஷமும் ஒரு சுற்றுதான். மூட்டை தூக்குகிறவர்கள் கேலி பேசுவார்களாம். கத்தியால் ஒரு இழுப்பில் முடிகிற வேலை, இந்த அக்கா கயிற்றுக்குப் பேன் பார்க்கிறது என்பார்களாம். ஆசியாம்மாவும் சிரித்துக்கொள்வாராம்.

நாலாம் வருஷம் கப்பல் பத்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. கூடவே மழையும் வந்தது. ஒரு பொதிக்குள் ஆறு சாக்குச் சர்க்கரை. பொதியோடு தூக்கி ஓட முடியாது. கயிற்றையெல்லாம் முடிச்சிலேயே வெட்டிச் சாக்குச் சாக்காய்க் கூரைக்குள் கொண்டுபோனார்கள்.

ஆசியாம்மா நனைந்துகொண்டே ஓடி வந்தார். கரையெல்லாம் துண்டுக் கயிறு. ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

"எத்தனை சுத்து இருந்துச்சு தம்பி?"

கேலி பேசினவனே தலையைக் குனிந்துகொண்டான். "பார்க்கலியே அக்கா."

துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாராம். வீட்டில் ஒட்ட வைத்து ஒட்ட வைத்துப் பார்த்தாராம். ஒரு சுற்று என்று நினைத்தால் ஒன்றாய்த் தெரியும். இரண்டு என்று நினைத்தால் இரண்டாய்த் தெரியும். அந்த வருஷம் ஒருநாள், அவர் வருகிறார் என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். மறுநாள் பாதியில் விட்டுவிடுவார்.

அடுத்த கப்பல் வந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை ஆசியாம்மா துறையிலேயே நின்றார். நகுதா வந்து, காய்ச்சலில் நெய்னா போய்விட்டதைச் சொன்னார். அங்கேயே அடக்கமும் செய்தாகிவிட்டதாம்.

ஆசியாம்மா நகுதாவை, அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். "நானா, அவரை விட்டுட்டாங்களா? வர்றதுக்குக் கெளம்பித்தான் இருந்தாரா?"

"தெரியலம்மா."

அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையாம்.

இன்றைக்கும் அந்தத் துறையில் கயிற்றின் மேல் கத்தி வைக்கமாட்டார்கள். மழை கொட்டினாலும் வைக்கமாட்டார்கள். புதிதாய் வந்தவன் யாராவது கத்தியை எடுத்தால், பக்கத்தில் இருப்பவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். "இருடா, ஆசியாம்மா பார்க்கட்டும்" என்பான். பிறகு இருவருமாய் உட்கார்ந்து நகத்தால் நெம்புவார்கள்.