ஜன்னலுக்கு வெளியே நீண்ட கைகள்

ஓடுகிறேன். கைலியை மடித்துக் கட்டியிருக்கிறேன். தோளில் மடிக்கணினிப் பை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மேட்டை நோக்கி. கீழே லயத்தின், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின், வாசலில் இராணுவ லோரி நிற்கிறது. முள்கம்பிச் சுருளை இறக்குகிறார்கள். கிர்ர்ரீச். நிற்கிறது. மறுபடியும் கிர்ர்ரீச். ஒலிபெருக்கியில் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் குரல்.

"யாரும் வெளிய வராதீங்க! கதவ சாத்துங்க! சாத்துங்கன்னு சொல்றேன்ல!"

நான் ஏற்கெனவே வெளியே. வெகு வெளியே. வயது ஐம்பத்திரண்டு. தொழில், தாதியர் கல்லூரி விரிவுரையாளர். பாடம், தாதிமைக் கோட்பாடும் வரலாறும். நோயாளிகள் இருக்கிற திசைக்கு நேர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

"பெர்ஹெந்தி!"

நில் என்று மலாயில் கத்தினான் சிப்பாய். நின்றிருப்பேன். அதற்குள் கால்வாயில் விழுந்துவிட்டேன். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அவனே வந்து கை கொடுத்துத் தூக்கி, திரும்பக் கூட்டிவந்தான். லயத்து ஜன்னல்களில் சிரிப்பு. அங்கே தாதி என்றால் மிஸ்ஸி, கால்வாய் என்றால் லொங்காங்.

"ஏய், இங்க பாரு லா! ஆம்பள மிஸ்ஸி லொங்காங்குல நீச்சலடிக்கிறாரு!"

பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு அது. அதைப் போர் என்று சொன்னவன் நான் இல்லை. தொலைக்காட்சி சொன்னது. தாதியரை முன்களவீரர் என்றார்கள். மாடிகளில் நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கல்லூரி மூடியிருந்தது. பிறந்து வளர்ந்த லயத்து வீடு காலியாகக் கிடந்தது. கிராணியிடம் அனுமதி கேட்டு, அங்கே உட்கார்ந்து இணையத்தில் வகுப்பெடுத்தேன். வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் தொழில் போரில்தான் நிமிர்ந்தது. குண்டில் செத்த சிப்பாயைவிட அழுக்கிலும் காய்ச்சலிலும் செத்தவன் அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் நாங்கள். கோட்பாட்டுக்கு நான்கு வட்டம் வரைவேன். மனிதர். சூழல். நலம். தாதிமை. அழகான வட்டங்கள். பதினைந்து வருடமாக ஒரு நோயாளியையும் தொட்டதில்லை.

முள்கம்பி லயத்தைச் சுற்றி வளைத்தது. உள்ளே தொற்று பரவியிருந்தது. வெளியிலிருந்து யாரும் வரக் கூடாது. உள்ளிருந்து யாரும் போகக் கூடாது. மறுநாள் காலை கிராணி என் வாசலுக்கு வந்தார். தள்ளியே நின்றார். மூன்று பொருளைக் கீழே வைத்தார். நெகிழித் துணியால் ஆன முழு அங்கி ஒன்று. முகக் கவசம் ஒன்று. விரலில் மாட்டினால் இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு என்று காட்டும் சின்ன மெஷின் ஒன்று.

"சார், ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உள்ள இருக்கிற ஒரே மிஸ்ஸி நீங்கதானாம்."

"நான் வாத்தியார் கிராணி. மிஸ்ஸி இல்ல."

"தோட்டத்துல மருந்து குடுக்க டிரசர் இருந்த காலத்துல எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளைத் தண்ணிதான் குடுத்தாரு. அதுக்கு நீங்க மேல் தானே?"

மேல்தான் என்று நம்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். காலையில் லயத்து வாசல் வழியாக நடப்பேன். வீட்டுக்குள் போகக் கூடாது. ஜன்னல் ஒரு சாண் திறக்கும். ஒரு கை நீளும். மெஷினை மாட்டுவேன். பீப். பீப். எண் வரும். போனில் ஆஸ்பத்திரிக்குச் சொல்வேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். கீழே போனால் ஆம்புலன்ஸ் வரும்.

ஆம்புலன்ஸ் என்றால் என்ன என்று லயத்துக்குத் தெரியும். பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் கம்பி போடுவதற்கு முந்தைய வாரம் அதில் ஏறினார். தானே நடந்து போய் ஏறினார். கையசைத்தார். பிறகு மனைவி ராக்கம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மூடிய பெட்டி. முகம் இல்லை. மாலை இல்லை. எந்த ஊரில் எரித்தார்கள் என்பதை மகள் கலா பத்து இடத்துக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

ராக்கம்மா அக்கா கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவர். கலா பிரிஞ்சாங் டவுனில் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்தவள். ஓட்டல் மூடிக் கிடந்தது. என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்.

என் எண்கள் அருமையாக இருந்தன. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. அடுத்த ஜன்னல். தொண்ணூற்றெட்டு. ஆஸ்பத்திரியில் போனை எடுத்த அம்மா பாராட்டினார். "உங்க லயம் நல்லா இருக்கே சார்!" எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. வகுப்பில்கூடச் சொன்னேன். சூழலைச் சரிசெய்தால் நலம் தானே வரும், இரண்டாம் வட்டத்தைப் பாருங்கள் என்று.

வெள்ளிக்கிழமை. பிற்பகல். வகுப்பு நடக்கிறது. மழை நின்றுவிட்டது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். சுவாசத்தை எண்ணுவது பற்றிப் பேசுகிறேன். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மெஷினை நம்பி விட்டுவிடக் கூடாது. இருபதுக்கு மேல் போனால் கவனம். ஒரு மாணவி குறுக்கிட்டாள். தேவி. குவாந்தானிலிருந்து.

"சார், உங்க பின்னால யாரு சார் மூச்சு வாங்குறது?"

"யாரும் இல்லம்மா. அது கெட்டில்."

"கெட்டில் இல்ல சார். நான் எண்ணிட்டேன். முப்பத்தெட்டு."

நான் திரும்பினேன். அடுப்பு அணைந்திருந்தது. சத்தம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம். ஈர மரத்தில் இரம்பம் ஓடுகிற மாதிரி. இழுக்கும். நிற்கும். அவசரமாக இழுக்கும். காலையில் அதே வீட்டு ஜன்னலில் தொண்ணூற்றெட்டு பார்த்திருந்தேன்.

வெளியே ஓடினேன். அங்கி போடவில்லை.

"கலா! ஜன்னல தொற!"

ஒரு சாண் திறந்தது. "அம்மா தூங்குது மாமா. காலைலதான் பாத்தீங்களே."

"மறுபடியும் பாக்கணும். அம்மா கைய நீட்டச் சொல்லு."

கை நீண்டது. மெஷினை மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. அப்போதுதான் கையைப் பார்த்தேன். அத்தனை நாளும் எண்ணை மட்டும் பார்த்திருந்தேன். மெல்லிய விரல். நகத்தில் பாதி உரிந்த சிவப்புச் சாயம். முப்பது வருடம் கத்தரி பிடித்த உள்ளங்கையில் காய்ப்பு இருக்கும். நகக்கண்ணில் தேயிலைக் கறை இருக்கும். இதில் எதுவும் இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

"இது உன் கை."

"விடுங்க மாமா."

"எத்தன நாளா?"

"அப்பா நடந்துதான் போனாரு மாமா. நடந்து. அம்மா என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிருச்சி, என்னய அதுல ஏத்தாதன்னு. நான் என்ன செய்ய?"

நான்கு வட்டத்தையும் விட்டேன். மணிக்கட்டையும் விட்டேன்.

"ஏத்தினா திரும்பி வரும்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. இங்கயே வச்சிருந்தா வராது. அது எனக்குத் தெரியும்."

உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம். கலா கதவைத் திறந்தாள்.

ராக்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழ நிறம். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"வாடா தம்பி. லொங்காங்... காஞ்சிருச்சா?"

விரல் பனிக்கட்டி மாதிரி இருந்தது. குளிர்ந்த விரலில் மெஷின் பொய் சொல்லும். உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன். சூடான தேநீர்க் குவளையைப் பிடிக்க வைத்தேன். மறுபடி மாட்டினேன். எழுபத்திரண்டு. மெஷின் பொய் சொல்லவில்லை.

"குப்புறப் படுங்கக்கா. நெஞ்சு தரையில படணும்."

"குப்புற விழ... நான் என்ன... கைப்புள்ளயா?"

படுத்தார். தலையணையை நெஞ்சுக்கடியில் வைத்தேன். எழுபத்தொன்பது. கலாவை முதுகில் கை வைத்து மூச்சை எண்ணச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். காலையில் பாராட்டிய அதே அம்மா. யாரிடமோ விசாரித்தார். பிறகு, "மழைல ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சி சார். ஆம்புலன்ஸ் மண்சரிவுக்கு அந்தப் பக்கந்தான் நிக்க முடியும். அங்க கொண்டு வர முடியுமா?" என்றார்.

கிராணியே கொழுந்து லோரியை ஓட்டிக்கொண்டு வந்தார். சாக்குகளை விரித்தோம். குப்புறவே ஏற்றினோம். முள்கம்பி வாசலில் லோரி நின்றது. என்னைத் தூக்கிவிட்ட அதே சிப்பாய். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றான். வாக்கி டாக்கியில் இரைச்சல். பதில் இல்லை. மறுபடி இரைச்சல்.

"திற! மூச்சு நிக்கப்போவுது! திறடா!"

நான்தான் கத்தினேன். தமிழில். அவனுக்குப் புரிந்திருக்காது. லோரிக்குள் எட்டிப் பார்த்தான். சத்தத்தைக் கேட்டான். வாக்கி டாக்கியை இடுப்பில் செருகினான். உத்தரவு வரவில்லை. கம்பியைக் கையாலேயே இழுத்தான். கிர்ர்ரீச். உள்ளங்கை கிழிந்தது. பிற்பாடு அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

லோரி போனது. கலா வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன்.

"உன் வீடு மட்டுந்தானா?"

அவள் தலை குனிந்தாள். பின்பக்கம் சமையலறைகள் ஒன்றை ஒன்று ஒட்டியிருக்கும். நான் முன்வாசல் வழியாக நொண்டிக்கொண்டு வருவதற்குள் அவள் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறாள். கெஞ்சிக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரே கையை ஒரே காலையில் மூன்று ஜன்னல்களில் பிடித்திருக்கிறேன். மூன்று முறையும் மெஷினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அன்று மாலை ஜன்னலைத் தட்டவில்லை. கதவைத் தட்டினேன்.

"கைய நீட்டாதீங்க! மொகத்தக் காட்டுங்க! படுத்திருக்கவங்கள வெளிய கொண்டாங்க!"

சில வீடுகள் திறந்தன. சில வீடுகள் திட்டின. ஒரு வீட்டில் என் மீது தண்ணீர் ஊற்றினார்கள். லோரி இருட்டுவதற்குள் மேலும் இரண்டு தடவை போய் வந்தது.

இழந்ததைச் சொல்கிறேன்.

முனியாண்டி அண்ணன். முகம் பார்க்கவில்லை. லோரி ஓட்டுநர் அந்தோணி, அன்று மாலை தன் லோரியிலேயே நோயாளியாக ஏற்றப்பட்டவர். வழியிலேயே. கடைசி வீட்டுச் செல்லம்மா. நான் கதவைத் தட்டியபோது உடம்பு சில்லிட்டிருந்தது. காலையில் அவர் ஜன்னலில் தொண்ணூற்றேழு. கலாவின் ஓட்டல் வேலை. மூச்சை எண்ணிய தேவி படிப்பை முடித்து ஒப்பந்தத் தாதியானாள். கைத்தட்டல் ஓய்ந்தது. ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. இப்போது கோலா தெர்லாவில் சித்திக்குத் துணையாகத் தக்காளி தரம் பிரிக்கிறாள். எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. முன்களவீரர் என்று அச்சடித்து, பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

ராக்கம்மா அக்கா பிழைத்தார். வெகு நாள் கழித்து வந்தார். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மேடு ஏற முடியாது. மேடு ஏறாதவருக்குக் கத்தரி இல்லை. கத்தரி இல்லாதவருக்கு லயத்தில் வீடு இல்லை. உயிரைத் திருப்பிக் கொடுத்தோம். அதை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கவில்லை. கலா அம்மாவைக் கம்போங் ராஜாவில் கடை மாடி அறை ஒன்றுக்குக் கூட்டிப் போய்விட்டாள். படிக்கட்டு செங்குத்து. ராக்கம்மா ஒருமுறை ஏறிவிட்டால் வாரக்கணக்கில் இறங்குவதில்லை.

இதை எழுதி முடித்ததும் அங்கே போனேன். முழுவதும் படித்துக் காட்டினேன். இறந்தவர்கள் வருகிற இடத்தில் கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராக்கம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தது. சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"எல்லாத்தையும் எண்ணிட்ட தம்பி. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப என் ரெண்டு கோழியையும் எவன் தின்னான்னு மட்டும் எழுதல பாரு லா."